நாலாவது மாடிக்கு ஹீலியம்

இல்லக்கா, அந்த பட்டன எத்தன தடவ அழுத்துனாலும் நகராது. நான் மணி அடிச்சிட்டேன். வாட்ச்மேன் அண்ணன் லிஃப்ட்காரருக்குப் போன் போட்டிருப்பாரு. உங்க போன்லயும் சிக்னல் இல்லையா? விடுங்க, ஒரு மணி நேரம் நீங்க இல்லன்னா கணக்குப் பிரிவு கவுந்துடாது.

இதுவா? பால் கேன் இல்லக்கா. திரவ ஹீலியம். இதவிடக் குளிர்ந்த திரவமே கிடையாது.

எதுக்கா? எங்கம்மாவும் இதத்தான் கேப்பாங்க, அஞ்சு வருஷமா ஃப்ரிட்ஜுக்குள்ள என்னடா பண்றேன்னு. நான் ஒரு படிகம் செய்யறேன்கா. கடுகுல பாதி இருக்கும். அதுக்குள்ள அணுவெல்லாம் சங்கிலி மாதிரி வரிசையா நிக்கும், ஒவ்வொண்ணும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்துல இருக்கறவன் எப்படித் திரும்பறானோ, அதப் பாத்துத்தான் இவன் திரும்புவான். சாதாரண சூட்டுல ஒரே ஆட்டம், ஒண்ணும் புரியாது. ஹீலியம் ஊத்தி நல்லாக் குளிர வச்சு, துளியூண்டு சூடு குடுத்து, அத எப்படி வாங்கிக்குதுன்னு பாக்கணும். தனித்தனிச் சங்கிலின்னா கிராஃப்புல கோடு மெதுவா மேடேறி இறங்கும். போன வாரம் எனக்கு ஊசி மாதிரி ஒரு முனை வந்துச்சுக்கா! சங்கிலிங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்குதுன்னு அர்த்தம். புரொஃபசர் நம்பல. படிகம் அழுக்கா இருக்கும், இன்னொரு தடவ காட்டுன்னுட்டாரு. அதான் இவ்வளவு அவசரம்.

அந்த உஸ்ஸுங்கற சத்தமா? அது எப்பவும் வர்றதுதான். இல்ல... கொஞ்சம் கூடத்தான் இருக்கு. லிஃப்டு குலுங்குனப்ப செவுத்துல இடிச்சுதுல்ல, அதுலேருந்து. அய்யய்யோ, அந்த வால்வத் திருகாதீங்க! மூடவே கூடாது! உள்ள கொதிச்சுக்கிட்டிருக்கு, வழிய அடைச்சா வெடிச்சிடும். கைய எடுங்கக்கா, தயவுசெஞ்சு.

கோவமெல்லாம் இல்லக்கா. பதறிக் கத்திட்டேன், அவ்வளவுதான். பயமா? எனக்கா? ஆமா.

இது தனியாத்தான் லிஃப்டுல வரணும். ஆள் கூட ஏறக் கூடாது, மேல ஒருத்தர் நின்னு இறக்கிக்கணும். லேப்ல கூட இருக்கறவன் இன்னைக்கு லீவு. ஒரு நிமிஷம்தானேன்னு நானே ஏறிட்டேன். கதவு மூடுறப்ப நீங்க ஓடி வந்தீங்க. ஏறாதீங்கன்னு சொல்ல வாய் வரல. தெரிஞ்சவங்க, மூஞ்சில அடிச்ச மாதிரி எப்படிச் சொல்றதுன்னு...

கொஞ்சம் கீழ உக்காருங்களேன். இன்னும் தள்ளி, கதவு இடுக்குகிட்ட மூக்க வச்சுக்கங்க. துணி அழுக்கானாத் துவைச்சுக்கலாம். தல சுத்துதா? லேசாவா? நானா? நான் நிக்கறேன், மணி பட்டன் கைக்கு எட்டணும்ல.

என்னக்கா சிரிக்கறீங்க? குரலா? கீச்சுன்னு கேக்குதா?

எனக்கும் கேக்குது. அதுக்குத்தான் அப்பலேருந்து வாய் ஓயாமப் பேசிக்கிட்டிருக்கேன். ஹீலியம் ஆவியாகி மூச்சுல கலந்தா முதல்ல குரல்தான் மாறும். அளந்து பாக்க வேற எதுவும் கையில இல்ல. மூச்சு விடற காத்தத் தள்ளிட்டு மேலேருந்து நெறஞ்சுக்கிட்டே வருதுக்கா, என் கழுத்து வரைக்கும் வந்துடுச்சு போல.

இருங்க. மேல யாரோ நடந்து போறாங்க. நீங்க கத்துங்கக்கா, உங்க குரல் இன்னும் நல்லாத்தான் இருக்கு. நான் கத்துனா ஏதோ குழந்தை விளையாடுதுன்னு போயிடுவாங்க.