சுண்டக்கறி கேட்ட சம்பந்தி

புந்தோங் போகும் பேருந்தில் என் முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். காய்கறிப் பையை மடியில் வைத்திருந்தவர் பக்கத்திலிருந்த மூத்தவரிடம் திடீரென்று கேட்டார்:

“அக்கா, மிச்சக் கறியப் புதுசா எப்படிச் செய்றது?”

“என்னா கேள்வி இது? மிச்சத்த யாராச்சும் புதுசா செய்வாங்களா?”

“போன வாரம் மகளப் பொண்ணு பாக்கத் தைப்பிங்லேருந்து வந்தாங்கல்ல? நான் சமைச்சதெல்லாம் இருக்க, மக சுண்டக்கறியக் கொண்டாந்து வச்சிட்டா. மூணு நாள் மிச்சத்த ஒண்ணாப் போட்டுச் சுண்ட வச்சது. எனக்கு மானமே போச்சு. ஆனா மாப்பிள்ளையோட அம்மா ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. ஞாயித்துக்கிழம பரிசம் போட வாராங்க. அதே கறிதான் வேணுமாம்.”

“நல்ல சேதிதானேலா! அதுல என்னென்ன போட்டே?”

“நான் எங்க போட்டேன்? பருப்பு, நெத்திலி சம்பல், கோழிக் கொழம்பு மிச்சம் இருந்துச்சு. இன்னும் என்னமோ. மகதான் கிண்டுனா.”

“அப்ப அவளையே கேளு.”

“கேட்டேங்க்கா. ‘ஒரு வாய் வச்சதும் எந்திரிச்சுப் போயிருவாங்கன்னு கைல கெடச்சதெல்லாம் போட்டேம்மா’ங்கிறா. அதுக்கப்புறம் எங்கிட்டப் பேசவே மாட்டேங்கிறா.”

காய்கறிப் பையை மடியில் சரிசெய்துகொண்டு அவரே தொடர்ந்தார்:

“இப்ப நான் அவகிட்ட, என்ன போட்டேன்னு கேக்கவா, ஏன் போட்டேன்னு கேக்கவாக்கா?”

“மொதல்ல என்ன போட்டான்னு கேளுலா. ஞாயித்துக்கிழமைக்கு நாளில்ல.”