ஆணியில் தொங்கிய கெஸ்கட்

ஹெட் கெஸ்கட் வாங்கும்போது, புடைவை வாங்குவதைப் போல, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். இஞ்சினின் உடலுக்கும் தலைக்கும் நடுவே கிடக்கிற தகடு அது. ஒரு பக்கம் நெருப்பு, ஒரு பக்கம் தண்ணீர். இரண்டையும் சேரவிடாமல் வைத்திருப்பதுதான் அதன் வேலை. கெலிஓயாவில், கம்பளை ரோட்டோரம், என் கணவர் வைத்திருந்த பழைய கார்ச் சாமான் கடையை அவர் மௌத்தான பிறகு நான்தான் பார்க்கிறேன். ஆகவே, தெரியாமல் செய்தேன் என்று சொல்லப்போவதில்லை.

மருமகன் அரூஸ் நல்ல பிள்ளை. திகனவில் படிப்பிக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில்தான் இருந்தார். தன் வாப்பா விட்டுப்போன மொரிஸ் மைனர் காரை எங்கள் முற்றத்தில் வைத்துப் பிரித்தார். என் ஒரே மகள் ஆஸிகா அப்போது பிள்ளை உண்டாகியிருந்தாள். தலைப்பிள்ளைக்குத் தாய் வீட்டில் இருப்பதுதான் எங்கள் வழக்கம். அவர்களோ, கார் ஓடத் தொடங்கியதும் திகனவுக்குப் போய், பிள்ளை கிடைக்கும்வரை அங்கேயே இருப்பதென்று முடிவெடுத்துவிட்டார்கள். அரூஸின் உம்மா தனியாக இருக்கிறாராம். நான் யாரோடு இருப்பேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அரூஸ் என் முன்னால் இரண்டு கெஸ்கட்டுகளை வைத்தார். ஒன்று கொழும்பிலிருந்து எடுப்பித்த புதியது. மற்றது என் கடை ஆணியில் தொங்கிய செம்புத் தகடு.

“மாமி, எதப் போடுற?”

“உம்மாகிட்ட கேட்டா பழசத்தான் செல்லுவாங்க,” என்றாள் ஆஸிகா. “வாப்பாவையும் அப்பிடித்தான் தெரிஞ்செடுத்த.”

மூவரும் சிரித்தோம்.

“இஞ்சின் தலைய லேத்துல சீவினீங்கதானே மகன்?”

“ஓ மாமி, கொஞ்சம்.”

“அப்ப இந்தப் புதுசு மெல்லிசு. தடிச்ச செம்புதான் சரி. வெச்சிட்டுப் போங்க, தொடச்சித் தாறேன்.”

நான் சொன்னதில் பொய் இல்லை. சீவி மெலிந்த தலைக்குத் தடித்த தகடுதான் பொருத்தம். எந்தக் கராஜ் பாஸிடமும் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் நெடுநாள் ஆணியில் தொங்கும் கெஸ்கட் நடுவில் மடங்கும். இதுவும் மடங்கியிருந்தது. சிலிண்டர் வட்டத்துக்கும் தண்ணீர்த் துளைக்கும் நடுவே, தகடு ஒடுங்குகிற இடத்தில், மயிரளவு வெடிப்பு. வேறு யாரும் கேட்டிருந்தால் குப்பையில் போட்டிருப்பேன். அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, கரண்டியின் முதுகால் மடிப்பைத் தேய்த்துத் தட்டையாக்கினேன். வெடிப்பின் மேல் கிரீஸ் தடவினேன்.

நான் விரும்பியது சிறிய விஷயம். முதல் ஓட்டத்திலேயே, கண்டி டவுனுக்குப் போய்ச் சேருமுன் கார் கொதிக்கும். “இந்தக் கார நம்ப ஏலா, நான் உம்மாட ஊட்டிலயே ஈக்கிறேன்” என்று ஆஸிகா சொல்வாள். அவ்வளவுதான்.

என் கைவேலை நன்றாக அமைந்துவிட்டது. கார் கொதிக்கவில்லை. திகனவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கிளினிக்குக்கும் அதிலேயே வந்துபோனார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். ஓடுகிற காரைப் பற்றி என்ன சொல்வது?

வலி எடுத்த காலையில், திகனவிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில், தென்னகும்புரப் பாலத்தடியிலிருந்து அரூஸ் போனில் கோல் எடுத்தார்.

“மாமி, கார் கொதிச்சி நிண்டுட்டு. ஆஸிகாவுக்கு வலி கூடுது. த்ரீவீல் ஒண்டு நிக்கி, அதுல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன்.”

“தலைப்பிள்ள, மகன். மிச்சம் நேரம் எடுக்கும். த்ரீவீல்ல குலுங்கினா கூடாது. நெழல்ல இருத்துங்க, நான் வேன் பிடிச்சிட்டு வாறேன்.”

“கெதியா வாங்க உம்மா,” என்று மகளின் குரல் கேட்டது. நெடுநாளைக்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிட்டது அன்றுதான்.

பள்ளிக்கூட நேரம். பேராதனையைத் தாண்டவே வாகனங்கள் நகரவில்லை. அந்த நேரத்தில் நகராது என்று எனக்கு முன்பே தெரியும். நடுவழியில் இருக்கும் ஆஸ்பத்திரியையும் கடந்துதான் அவளை எடுக்கப் போனேன். அவளை எடுத்துக்கொண்டு மறுபடி அதே நெரிசலில் திரும்பினேன். வேனில் என் மடியில்தான் தலை வைத்திருந்தாள்.

பெண் பிள்ளை. அழவே இல்லை. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று டொக்டர் சொன்னார்.

“நான்தான் நட்ட சரியா இறுக்கல்ல போல மாமி,” என்று அரூஸ் அழுதார். முதுகைத் தடவி, “அல்லாஹ்ட நாட்டம், மகன்” என்றேன்.

ஆஸிகா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். நான் ஊட்டினால் சாப்பிடுகிறாள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த அரூஸ், கட்டியிழுத்து வந்து முற்றத்தில் விட்டிருந்த காரின் இஞ்சின் தலையை மறுபடி கழற்றினார். அவளைத் திகனவுக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். இடம் மாறினால் மனம் தேறுமாம்.

“இந்தத் தடவையும் நீங்களே ஒண்டு பாத்துத் தாங்க மாமி. ஒங்கட கண்ணுக்கு ஒண்டும் தப்பாதே.”

ஆணியில் இன்னும் ஒன்று தொங்கியது. போன தடவையதைவிட இதில் மடிப்பு ஆழம். கரண்டியால் தேய்த்து, கிரீஸ் தடவி, கடதாசியில் சுற்றி வைத்திருக்கிறேன். இந்த முறை முதல் ஏற்றத்திலேயே நின்றுவிடும். ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. தன் பிள்ளைக்குத் தீங்கு வரும்படி ஒரு தாய் எதையாவது செய்வாளா, நீங்களே சொல்லுங்கள்.