மூணுல ஒரு பங்கு தண்ணி

– இன்னும் ஊத்துங்க. பாட்டில் கழுத்து வரைக்கும் நெறையட்டும்.

– போதும்டி, வழியுது! சைக்கிள் கடைக்காரன் எனக்கே இது சரியாப் படல. என்னமோ, நீ சயின்ஸ் டீச்சர், நீ சொன்னா சரி.

– தண்ணி கூடக்கூட இந்தப் பாட்டில் ராக்கெட் உயரமாப் போகும்!

– பக்கத்துலதானே நிக்கிறேன், ஏன் இப்படிக் கத்துற? சுவருக்கு அந்தப் பக்கம் உங்க அண்ணன் இருக்காரு.

– இருக்கட்டுமே. வீட்டைப் பங்கு பிரிச்சு இந்தச் சுவரு எழும்பி ஆறு வருஷம். ஒரு வார்த்தை பேசினது உண்டா? ஆபரேஷன் முடிஞ்சு நான் படுத்துக் கெடந்தப்பகூட எட்டிப் பாத்தது உண்டா? எனக்கு மனசே ஆறலைங்க. அண்ணன் குரலக் கேட்டாப் போதும்னு இருக்கு.

– சரி சரி, கண்ணத் துடை. பம்ப் அடிக்கிறேன். கார்க் பிச்சுக்கப் போகுது, தள்ளி நில்லு! ஐயோ, முழங்கால் உயரம்கூட எழும்பல! என் சட்டை பூரா தண்ணி!

– அந்த இறக்கை மூணையும் பிச்சு எறிங்க. சும்மா அழகுக்குத்தானே அது!

– ஏய்! யாரு சொன்னா அழகுக்குன்னு?

– என்னங்க... அண்ணன் குரல்!

– ஆமாடி! மச்சான் தலை சுவத்துக்கு மேல தெரியுது!

– டீச்சர்னு வெளிய சொல்லிக்காத, மானம் போகும்! இறக்கை இல்லேன்னா நேராப் போகுமா? குட்டிக்கரணம்தான் போடும். பாட்டில நெறைச்சுட்டா காத்துக்கு எடம் எங்க? மூணுல ஒரு பங்கு தண்ணி போதும். மீதியில காத்த அடைச்சாத்தான் அது தண்ணியக் கீழ தள்ளும், பாட்டில் மேல போகும். மாப்ள, கொட்டுங்க!

– கொட்டிட்டேன் மச்சான்! கார்க்கையும் இறுக்கிட்டேன்!

– அடிங்க மாப்ள! விடாதீங்க, இன்னும்!

– பதினெட்டு... பத்தொம்பது... கை கழண்டுரும் போல இருக்கே!

– போயிருச்சு! அண்ணே, போயிருச்சு! மாடியத் தாண்டிருச்சு!

– பாத்தியா? இதத்தான் சின்ன வயசுல உனக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லிக்குடுத்தேன்!

– அண்ணே, கோவிச்சுக்காத. எல்லாம் ஞாபகம் இருக்கு. தப்பாப் பண்ணா உனக்குப் பொறுக்காது, நீ வாயத் தொறப்பேன்னுதான் வேணும்னே பண்ணேன்.

– அடிப்பாவி! அதுக்கு என்னைய நனைக்கணுமா?

– நீ வேணும்னே பண்றேன்னு எனக்கும் தெரியும்மா. நேத்து நீ தனியா விட்ட ராக்கெட்டு சரியாப் பறந்து எங்க மொட்டை மாடியிலதான் விழுந்துச்சு. அதத் திருப்பிக் குடுக்க உன்னை எப்படிக் கூப்பிடுறதுன்னு தெரியாம, கையில வெச்சுக்கிட்டு காலையிலேர்ந்து இங்கயேதான் நிக்கிறேன்.