ஊசி ஒரு வெட்டு கீழே

வெள்ளைக்காரன் செய்த சாமான்களில் மனிதக் குணம் உள்ளது காபரேட்டர் ஒன்றுதான், ஐயா. பெட்றோலைக் கூடக் கொடுத்தால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். குறையக் கொடுத்தால் சூடேறிக் கோபிக்கும். அளவாகக் கொடுத்தால் நன்றியே இல்லாமல் ஓடும்.

என் பெயர் சரிபுதீன். எருக்கலம்பிட்டியில் என் கொட்டிலுக்கு முன்னால் 'மோட்டார் எஞ்சினியர்' என்று பலகை தொங்குகிறது. பட்டம் எனக்கு நானே கொடுத்தது. முத்துக்குளிப்புக் காலத்தில் ஒரு லோஞ்சுப் படகில் எஞ்சின் பார்த்த துரைக்கு எண்ணெய்த் துணி எடுத்துக் கொடுத்தேன். அவர் எஞ்சினை ஏசும்போதெல்லாம் பக்கத்தில் நின்றேன். படிப்பு அவ்வளவுதான். ஆனால் என் கைக்கு வந்த எதுவும் பழுதாகத் திரும்பிப் போனதில்லை. இதை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் நான் சொல்லுவேன்.

மனைவி றாபியா மௌத்தாகிப் பதினொரு வருடம். இருந்தது மகள் ஹிதாயா ஒருத்தி. எங்கள் ஊரில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண் தன் அடுப்பை விட்டு எங்கும் போவதில்லை. அந்த நம்பிக்கையில்தான் அவளை ஹலீமுக்குக் கொடுத்தேன். நல்ல பிள்ளை. இங்கிலீசு படித்தவர், அது ஒன்றுதான் குறை. புத்தளத்தில் கிளாக்கர் வேலை கிடைத்துவிட்டது.

"மாமா, நான் முதல்ல போய் வீடு பாக்கிறன். பிறகு வந்து இவவக் கூட்டிக்கொண்டு போறன்."

"எங்கட பொம்பிளைப் பிள்ளையள் அப்பிடிப் போறதில்லை, மருமகன்."

"காலம் மாறிட்டுது மாமா."

காலம் மாறிவிட்டதை என் மகள் ஆக்கிய மீன் குழம்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னார். ஹிதாயா அவருக்கு இன்னும் ஓர் அகப்பை சோறு போட்டாள். அதிலேயே எனக்குப் பதில் இருந்தது.

நிலம் அளக்கும் சேர்வேயர் துரை ஒருவர் விட்டுப்போன பழைய மோட்டார் சைக்கிளை ஹலீம் வாங்கியிருந்தார். பக்கத்தில் சாமான் வைக்க, ஆள் இருக்க ஒரு பெட்டி பூட்டிய வண்டி. காபரேட்டரில் வெடிப்பு விழுந்திருந்தது. கொழும்பிலிருந்து புதியது தபாலில் வந்தது. பூட்டிச் சரிபார்க்கும் வேலை எனக்கு.

உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். காபரேட்டருக்குள் ஓர் ஊசி தொங்கும். அதன் தலையில் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். எந்த வெட்டில் கொளுவுகிறோமோ அதைப் பொறுத்துப் பெட்றோல் போகும். ஊசி கீழே இறங்கினால் பெட்றோல் குறையும். கொஞ்ச மைலுக்கு ஒன்றும் தெரியாது, சத்தம்கூட இனிமையாக இருக்கும். பிறகு எஞ்சின் கொதித்து இறுகி நின்றுவிடும்.

ஓடிப் பார்க்கிறேன் என்று சொல்லி, ஹலீம் கொண்டுபோகும் றங்குப்பெட்டியின் பாரத்துக்கு ஓர் உப்பு மூட்டையை ஏற்றிக்கொண்டு புத்தளம் பாதையில் இரண்டு நாள் போனேன். இரண்டு வெட்டு இறக்கியபோது வண்டி முசலியில் நின்றது. ஒரு வெட்டு இறக்கியபோது மறிச்சுக்கட்டிக் கிராமம் தாண்டி, காட்டுக்குள் மூன்றாம் மைலில் நின்றது. இரண்டு நாளும் ஆறவிட்டு, ஊசியை ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

முசலியில் ஆட்கள் இருக்கிறார்கள். யாராவது தள்ளிக் கொடுப்பார்கள், தேத்தண்ணி கொடுப்பார்கள், மருமகன் மறுநாள் புத்தளம் போய்விடுவார். ஆகவே ஒரு வெட்டுப் போதும் என்று முடிவு செய்தேன். காட்டில் தனியே நின்று பயந்தால் திரும்பி வருவார் என்பது என் எண்ணம். திரும்பி வராவிட்டாலும் மகள் வீட்டிலேயே இருப்பாள் என்ற எண்ணமும் வந்தது. அது ஊசியைக் கொளுவும்போது மட்டும் வந்தது. நான் அதைக் கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை காலை ஊரே வாசலில் கூடியது. ஊர்த் தலைமைக்காரர் விதானையார் அப்துல் ஹமீட் மோட்டார் சைக்கிளுக்கு மாலை போட்டார். மனிதருக்குப் போட மாலை மிஞ்சவில்லை. பிறகு பேசினார். கொழும்பில்கூட இப்படி ஒரு வேலைக்காரன் இல்லை, சரிபுதீன் தொட்ட எஞ்சின் சாகாது என்றார். விதானையார் கொழும்பைப் பார்த்ததில்லை. ஆனாலும் நான் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

தலையை நிமிர்த்தியபோது ஹலீம் பெட்டியைச் சுற்றித் திரைத்துணி கட்டிக்கொண்டிருந்தார். றங்குப்பெட்டி நிலத்தில் இருந்தது. ஹிதாயா வெள்ளைத் துப்பட்டியோடு வந்து ஏறினாள்.

"கோவிக்காதீங்கோ வாப்பா. அவர் தனியப் போய் என்னத்தத் தின்பார். நானும் போறன்."

நான் வண்டிக்குப் பக்கத்தில் போனேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஏழு வயதிலிருந்து என் கொட்டிலில் வளர்ந்தவள். துணியை விலக்கிக் காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"வாப்பா, சத்தம் கொஞ்சம் வறண்டு கேக்குது. சரிதானே?"

விதானையார் சிரித்தார். "கேட்டீங்களோ, எஞ்சினியருக்கே பிழை பிடிக்கிறாள் மகள்." எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஓம் மகள், சரிதான். போயிட்டு வாங்கோ," என்றேன்.

ஊசியை ஏற்ற ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடமும் அத்தனை பேருக்கு முன்னால் என் வேலையை நானே கழற்ற வேண்டும். அதுதான் சங்கடமாக இருந்தது.

வண்டி நான் சொன்ன இடத்திலிருந்து நூறு அடிகூடப் பிசகாமல் நின்றது. நல்ல வெயில். ஹலீம் அவளைப் பெட்டியில் நிழலுக்கு இருத்திவிட்டு, தண்ணீருக்கு மறிச்சுக்கட்டிக்கு நடந்தார். இரண்டு ஆட்களோடு திரும்பி வந்தபோது ஒற்றை யானை வந்து போயிருந்தது. மறுநாள் நான் போய்ப் பார்த்தேன். பெட்டி தட்டையாகக் கிடந்தது. காபரேட்டரில் ஒரு கீறல் இல்லை.

ஹலீம் புத்தளம் போகவில்லை. என் வீட்டில்தான் இருக்கிறார். அவள் அடுப்புக்கு முன்னால் போய்க் குந்திக்கொள்கிறார். "தண்ணிக்குப் போயிருக்கப்படாது மாமா, நான்தான் அவவக் கொன்றது," என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்லுவார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, அல்லாஹ் எழுதினது என்பேன். நாற்பது நாள் இப்படியே போனது. ஆண் பிள்ளை அழுதால் தேறிவிடும் என்று நினைத்தேன். சோறு இறங்கவில்லை. நேற்றிலிருந்து பேச்சும் இல்லை.

அவருக்காகத்தான் வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவர் மேல் குற்றம் இல்லை. என் மகளை அனுப்பியது நான், எங்கே நிற்பாள் என்று தெரிந்தே அனுப்பினேன்.

இன்னொன்று. போன கிழமை உங்கள் மரண விசாரணை அறிக்கையை விதானையார் பள்ளிவாசலில் எல்லாருக்கும் கேட்க வாசித்தார். 'புதுக் காபரேட்டரைப் பூட்டியவரின் கவனக்குறைவு' என்று அதில் இருக்கிறது. அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள், ஐயா. கவனமில்லாமல் நான் ஒரு வேலையும் செய்ததில்லை.