இடது பின்பக்கச் சத்தம் குறித்து இன்பராஜ் சொன்னது

இன்பராஜ், வயது 43, த/பெ ரத்தினசாமி, ஆம்பூர் பைபாஸ் ஓரம் மெக்கானிக் பட்டறை நடத்துபவர், நாவல்குட்டை கூட்டு ரோட்டில் நடந்த சம்பவம் குறித்துக் காவல் உதவி ஆய்வாளர் முன்பு கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி பட்டறையின் பின்புறத்திலேயே என் மனைவி மெர்சியுடன் குடியிருந்து வருகிறேன். பிக்கப், டெம்போ வண்டிகளின் அடிப்பாக வேலைதான் எனக்குப் பிழைப்பு. அடிபட்டு மருத்துவமனையில் இருக்கும் தபரேஸை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். அவர் தன் சொந்த பிக்கப்பில் உப்புத் தோல் ஏற்றி வந்து ஆம்பூர் தோல் மண்டிகளில் இறக்குபவர். வாடகை இல்லாத நாளிலும் வண்டியைக் கழுவிக்கொண்டே இருப்பார், உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்று அவருக்குப் பயம்.

மழைக்காலத்தில் மண்டியின் பின்வாசலில் தண்ணீர் தேங்கி வண்டி அடி தட்டுகிறது, உயர்த்திக் கொடுங்கள் என்று தபரேஸ் கேட்டார். அதன்படி நான் பின்பக்கம் கூடுதலாக ஒரு ஸ்பிரிங் பட்டை சேர்த்து, ஷேக்கிளை நீளமானதாக மாற்றி, முன்பக்கத்தையும் அதற்கேற்பத் தூக்கிக் கொடுத்தேன். ஷேக்கிள் என்பது பட்டையின் நுனியைச் சேசிஸோடு பிடித்துத் தொங்கும் இரும்பு. ஐயா கேட்டதால் சொல்கிறேன். வண்டி கம்பீரமாக நின்றது. தபரேஸ் அதை நாலு பக்கமும் சுற்றி வந்து செல்போனில் படம் எடுத்தார்.

அதன் பிறகு ஒரு வாரம் கழித்துத் திரும்ப வந்தார். "ண்ணா, வேகத்தடை ஏறி எறங்கசொல்லோ பின்னால யாரோ கதவத் தட்ற மாதிரி கேக்குது. ஒரே பேஜாரா இருக்கு" என்றார். நான் யூ போல்ட்களை இறுக்கினேன், ஷாக் அப்சார்பரின் ரப்பர் புஷ்களை மாற்றினேன். சத்தம் போகவில்லை. இந்த வேலையில் சத்தம் கேட்கிற இடம் வேறாகவும் கோளாறு இருக்கிற இடம் வேறாகவும் இருக்கும். வலது பக்கம்தான் என்று டிரைவர் சத்தியம் செய்வார், கழற்றினால் இடது பக்கம் இருக்கும். அதனால் கேட்டவுடன் ஸ்பேனரைத் தூக்குகிற மெக்கானிக்கை எனக்குப் பிடிக்காது.

வண்டியை நிறுத்தி ஒருவர் ஆட்ட, இன்னொருவர் காது வைத்துக் கேட்பது வழக்கம். ஆனால் பட்டை கூடியதால் வண்டி விறைத்துப் போயிருந்தது. நாங்கள் இருவரும் மூச்சு வாங்க ஆட்டியும் அசைந்து கொடுக்கவில்லை. ஆகவே சம்பவத்தன்று பிற்பகலில் வண்டியை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். நாவல்குட்டை கூட்டு ரோட்டில் பள்ளிக்கூடத்தின் எதிரில் உள்ள வேகத்தடை நல்ல உயரம், அங்கே லாரி நெரிசலும் இல்லை, அங்கே போகலாம் என்று சொன்னது நான். தபரேஸ் சொல்லவில்லை. இதைத் தனியாக எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு நான் வண்டியின் பின்தொட்டியில் குப்புறப் படுத்து, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைத் தளத்தில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டேன். மறு காதில் பஞ்சு அடைத்தேன். காற்றுச் சத்தம் வராதிருக்கத் தார்ப்பாயைத் தலையோடு இழுத்துப் போர்த்தினேன். கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. படுக்கும் முன், "இதுலயும் புடிபடலன்னா வண்டிய நிறுத்திட்டு, ரோட்ல நாலு ஆளக் கூப்ட்டு நல்லா ஆட்டச் சொல்லு பாய்" என்று அவரிடம் சொன்னேன்.

தபரேஸ் வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்கினார். திருப்பிக்கொண்டு வந்து மறுபடியும் ஏற்றினார். இப்படிப் பல தடவை போய் வந்தோம். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஆகிவிட்டதை நான் யோசிக்கவே இல்லை. உயரமான வண்டியில் பிள்ளை பிடிக்கும் கும்பல் சுற்றுகிறது என்று அன்று காலையிலிருந்து செல்போன்களில் ஒரு பொய்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியாது. மகளை அழைத்துப் போக வந்திருந்த முனியம்மா என்பவர், எங்கள் வண்டி திரும்பத் திரும்ப வருவதையும் தார்ப்பாய்க்கு வெளியே கால்கள் கிடப்பதையும் பார்த்துக் கூச்சல் போட்டதாகப் பிறகு தெரிந்துகொண்டேன்.

வண்டி நின்றது. சற்று நேரத்தில் ஆட ஆரம்பித்தது. நான் சொன்னபடி தபரேஸ் ஆள் பிடித்துவிட்டார் என்று நினைத்தேன். நல்ல ஆட்டம். தொட்டியின் விளிம்பிலும் சிலர் ஏறி நின்றதால் முழு லோடு ஏற்றியதுபோல் பட்டை அமுங்கி எழும்பியது. அப்போது சத்தம் சுத்தமாக வந்தது. இடது பின்பக்க ஷேக்கிள் புஷ். எனக்கு அவ்வளவு சந்தோஷம். "அப்டித்தான், இன்னும் நல்லா ஆட்டுங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

அவர்கள் ஆட்டியது, கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்த தபரேஸை வெளியே இழுப்பதற்காக.

அதன் பிறகு தார்ப்பாய் பிடுங்கப்பட்டது. "உயிரோடதான் கீறாரு!" என்று யாரோ கத்தினார்கள். என்னைத் தூக்கி உட்கார வைத்தார்கள். என் பெயர் கேட்டார்கள், ஊர் கேட்டார்கள், முதுகைத் தடவினார்கள். முனியம்மா தன் மகளின் தண்ணீர் பாட்டிலைத் திறந்து எனக்குக் குடிக்கக் கொடுத்தார். காதிலிருந்த பஞ்சை எடுத்த பிறகுதான் தபரேஸின் குரல் கேட்டது. கண்ணாடியை உடைத்து அவரை இழுத்துத் தரையில் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். அவரிடம் யாரும் பெயர் கேட்கவில்லை.

நான், "அவரு என் கஸ்டமருங்க, வண்டில சத்தம் பாக்க வந்தோம்" என்றேன். "இன்னா சத்தம்? மருந்து கிருந்து குடுத்துட்டானுங்க போல, ஒளர்றாரு. இன்னும் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார் ஒருவர். நான் எழுந்து ஓடப் பார்த்தேன். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தவர்கள் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்போது தபரேஸ், "இன்பாண்ணா, நீ சொல்லுண்ணா" என்று கூப்பிட்டார். முனியம்மா என் முகத்தைப் பார்த்து, "உன் பேரு அவனுக்கு எப்டிய்யா தெரியும்?" என்று கேட்டார். அந்தக் கூட்டத்தில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி அது. நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா பாட்டிலைப் போட்டுவிட்டு ஓடி, "வுடுங்கடா, வுடுங்கடா" என்று அலறியபடி அடிக்கு நடுவில் போய் விழுந்தார். அவர் கையிலும் அடி பட்டது. அதன் பிறகுதான் கூட்டம் விலகியது. அதன் பிறகு போலீஸ் வந்தது.

தபரேஸ் எனக்கு மயக்க மருந்து கொடுத்துக் கடத்தியதாகவும், பள்ளிக்கூடத்தை நோட்டம் விட்டதாகவும் அடித்தவர்கள் தரப்பில் கொடுக்கப்பட்டிருக்கும் மனு முழுக்கப் பொய். நான் என் விருப்பத்தில் படுத்திருந்தேன். அவர் மேல் எந்த வழக்கும் போடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். முனியம்மா மேல் எனக்கு வருத்தம் இல்லை. பெற்றவள், பயந்தாள், பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஆனால் அந்தப் பள்ளியில் பிள்ளையே இல்லாமல், அடிப்பதற்கென்றே பைக்கை நிறுத்திவிட்டு ஓடி வந்தவர்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர்களில் மூன்று பேரைப் பார்த்தால் அடையாளம் காட்டுவேன்.

நேற்று மருத்துவமனைக்குப் போய் தபரேஸைப் பார்த்தேன். தோள்பட்டை எலும்பு உடைந்திருக்கிறது, தாடை வீங்கி வாய் சரியாகத் திறக்கவில்லை. என்னைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, "ண்ணா, சத்தம் எங்கருந்து வருதுன்னு தெரிஞ்சிச்சா?" என்பதுதான். தெரிந்தது என்றால் எப்போது தெரிந்தது என்று கேட்பார். "இல்ல பாய், இன்னும் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இது நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. சொன்னது சொன்னபடியே இருக்கிறது. இங்கே ஐயாவிடம் நான் பொய் எதுவும் சொல்லவில்லை. தபரேஸிடம் சொன்னது ஒன்றுதான் பொய்.

(ஒப்பம்)
ர. இன்பராஜ்