பச்ச டிக்கு

இல்லண்ணாத்தே, டீலாம் வேணாம். அக்கா எப்போ வரும்? வேற கம்பெனில வேல கேக்கப் போயிருக்கா? சரி, வரட்டும். நான் குந்திகினு கீறேன்.

நீ கேக்குறது கரெக்டு தான். எட்டு வருசமா அம்பத்தூருக்குப் போயி பிரேக் லீவர டெஸ்ட் பண்ண உன் வூட்டுப் பொம்பள, விரிசல் உட்ட பீஸ எப்பிடி பாஸ் பண்ணும்?

அந்த டெஸ்டிங் கம்ப்யூட்டர்ல ஓடுற சாப்ட்வேரு நான் எழுதனது. விரிசல் பீஸு வந்தா செவப்பு காட்டி நின்னுடும். அத்தத் தள்ளி உடணும்னா மெனுக்குள்ள போயி மொதலாளியே வந்து பாஸ்வேர்டு போடணும். அதான் அந்தாளுக்குக் காண்டு. ஒவ்வொரு தபாவும் நான் மாடிலேர்ந்து எறங்கி வரணுமா, மேல வரிசையா பட்டன் வெச்சி ஒரு டூல்பார் போட்றா சரணு, பாஸ்வேர்டு இல்லாம ஒரே தட்டுல பாஸ் ஆவணும்னாரு.

த்தூ. நானும் போட்டேன். ஸ்டார்ட்டு, ஸ்டாப்பு, பிரிண்ட்டு, கடசில பாஸ் போட பச்ச டிக்கு. பளிச்சுனு தெரியணும்னு அர நாளு கலர் மாத்தி மாத்திப் பாத்தேன். சூப்பரா கீதுடான்னு முதுவுல தட்டுனாரு.

ஆமா, அழுத்தனது அக்கா தான். இன்னா பண்ணும்? சூப்பர்வைசர் சம்பத்து பின்னாடி நின்னுகினு, லாரி வெயிட்டிங், அழுத்தும்மான்னு கத்துவான். செவப்பு காட்டுது சார்னு அது சொன்னத நானே கேட்டேன். ஆனா யாரு அழுத்தச் சொன்னாங்கன்றது கம்ப்யூட்டர்ல ஏறாதே. முன்னாடி குந்தினு கீறவங்க பேரு தான் ஏறும்.

விரிசல்னு லோடு மொத்தமும் திரும்பி வந்துச்சி. சம்பத்த உட்டுட்டு அக்காவப் புட்ச்சாங்கோ. ஆபீஸ் ரூம்ல ஒரு லிஸ்ட்ட நீட்டனாங்கோ. நானூறு பீஸு, எல்லாத்துக்கும் நேரா அக்கா பேரு தான், கன்னியம்மா, கன்னியம்மான்னே கீது. அக்கா அத்தப் பட்ச்சிட்டு, டிபன் பையத் தூக்கினு போய்ட்ச்சி.

சம்பத்தா? அவனுக்கு அந்த லிஸ்ட்ட கம்ப்யூட்டர்லேர்ந்து எடுக்கவே தெரியாதுண்ணாத்தே. நான் தான் எட்த்துக் குட்த்தேன். மொதலாளி நீட்டனாரு, எல்லாம் கரெக்டுன்னு கீழ கையெழுத்தும் போட்டேன்.

இன்னா, எழுந்துட்ட? அடிக்கணும்னா அடி. அக்கா வர்ற வரைக்கும் நான் போ மாட்டேன்.