கடலுக்குப் போட்ட சாப்பாடு

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் திரும்பும் ரயிலில் எனக்கு எதிரே ஒரு பெரியவரும் அவர் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். தறியை ஒரு நாள் நிறுத்திவிட்டு, அப்பாவுக்கு முதல் முறையாகக் கடலைக் காட்ட மாமல்லபுரம் அழைத்துப் போயிருக்கிறார் மகன். இருவர் முகமும் பசியில் வாடியிருந்தது. மகன் அப்பாவிடம் கேட்டார்.

“இப்பவாச்சும் சொல்லு, நான் குடிக்கத் தண்ணி கொண்டாறதுக்குள்ள அத்தனை புளிசோறும் எங்க போச்சு நைனா?”

“அதுக்குப் போட்டுட்டேன்.”

“எதுக்கு?”

“கடலுக்குத்தான். இலையைப் பிரிச்சா, கால்கிட்ட வந்து நின்னுக்கினு இருக்குது. சாப்பிடுன்னு சொல்லாம நாம மட்டும் எப்படிபா தின்றது? ஒரு பிடி வச்சேன். வாரிக்கினு போச்சு. மறுபடியும் வந்துச்சு.”

“அலைன்னா வரத்தான் செய்யும்!”

“அவ்ளோ பெரிய உடம்பு, பசிக்காதா? உன் பங்கையும் வச்சேன்.”

மகன் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்.

“சாயங்காலம் வரைக்கும் இருக்கலாம்னு ஆசையா கூட்டிக்கினு போனேன். நீ உடனே கிளம்பலாம்னுட்ட. கடல் உனக்குப் பிடிக்கலையா நைனா?”

“பிடிக்காமலா? சோறு தீந்தப்புறமும் வந்து வந்து கேட்டுக்கினே இருந்துச்சு. வெறுங்கையை வச்சிக்கினு அது எதிர்ல எப்படிபா உக்காந்திருக்கிறது?”